லேப் பரம சாதுங்க!

போன ஞாயித்துக்கிழமை, பெஹாலா சௌரஸ்தா பக்கம் நம்ம ஊர் நண்பர் ஒருத்தர் வீட்டுல கிரகப்பிரவேசம். வாழை இலை, வத்தக்குழம்பு, அப்பளம்னு அமர்க்களம். கல்கத்தாவுல இப்படி ஒரு சாப்பாடு கிடைச்சா நான் பொதுவா வாயைத் திறந்து பேச மாட்டேன். அன்னிக்கு விதி. பக்கத்து இலையில ஒரு தம்பி. சேலத்துக்காரர், கணினித்துறை, இங்க வந்து ரெண்டு வருஷம். பாயசம் வர்ற நேரம் பார்த்துக் கேட்டார்.

"சார், நீங்க லேப் வெச்சிருக்கீங்களாமே. பையன் ஒரு வருஷமா நச்சரிக்கிறான். லேப் பரம சாதுங்க, குழந்தைங்களோட ஒட்டிக்கும், நோய் நொடி வராதுன்னு எல்லாரும் சொல்றாங்க. ஒண்ணு வாங்கிடலாமா?"

"வேண்டாம்"னு சொல்லிட்டேன். அவர் முகம் சுருங்கிப் போச்சு. அதோட விட்டிருக்கலாம். விடாம, மோர் சாதம் முடியற வரைக்கும் ஒரு பிரசங்கம் பண்ணிட்டேன். வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் தங்கமணி அர்ச்சனை. "சாப்பிடற மனுஷன்கிட்ட உண்ணி, சீழ்னு பேசுவாங்களா?" நியாயம்தான். அதனால இலை முன்னாடி உட்காராத உங்ககிட்ட மொத்தத்தையும் கொட்டிடறேன்.

முதல்ல என் யோக்யதை. நான் கால்நடை மருத்துவர் இல்லை. பி.காம். படிச்சுட்டு இருபது வருஷத்துக்கு மேல வங்கியில குப்பை கொட்டறவன். நாய் விஷயத்துல எனக்கு இருக்கிற ஒரே தகுதி, ஒரு லேப்ரடாரை என் கையாலேயே பாசமா ஊட்டி ஊட்டிக் கெடுத்தவன்ங்கறதுதான்.

அவன் பேரு அப்பு. 2014-ல விளம்பரம் பார்த்து வாங்கினோம். அஞ்சு வாரக் குட்டி. அப்பன் ஆத்தா யாருன்னு நான் கேக்கலை. விக்கிறவரும் சொல்லலை. ரெண்டு பேருக்கும் சௌகரியம். காலையில ரெண்டு இட்லி, மத்தியானம் தயிர் சாதம், சாயங்காலம் நான் பேங்க்ல இருந்து வந்ததும் மேரி பிஸ்கட் ஒரு பாக்கெட்ல பாதி. அஞ்சு வயசுல 44 கிலோ. வளர்ந்த ஆண் லேப் 29-ல இருந்து 36 கிலோ வரைக்கும் இருக்கணும். வர்றவங்க எல்லாம் "பேருக்கேத்த மாதிரி யானை"ம்பாங்க. எனக்கும் பெருமையா இருக்கும். ஏழு வயசுல லிஃப்ட் இல்லாத எங்க கட்டடத்துல ரெண்டாவது மாடி ஏற முடியலை. இடுப்பு எலும்பை எக்ஸ்ரே எடுத்தாங்க. டாக்டர் படத்தைப் பார்த்தார், அப்புவைப் பார்த்தார், கடைசியா என்னைப் பார்த்தார். "தாதா, இவ்வளவு செல்லம் கொடுத்தா கால் என்ன பண்ணும்?"னார். 2023-ல ஒன்பது வயசுல போயிட்டான். போர்வையில வெச்சு நாலு பேர் மாடியில இருந்து இறக்கினோம்.

அந்த ஒன்பது வருஷத்துல அவன் ஒரு தடவை கூட என்னைப் பார்த்து உறுமினது இல்லை. என் விவாதமே இங்கதான் ஆரம்பிக்குது. சாது, சாதுன்னு நாம கொண்டாடறோமே, அந்தக் குணம் யாருக்கு லாபம்? நமக்கு மட்டும்தான். வலிச்சாலும் கடிக்காது, கட்டிப் போட்டாலும் கத்தாது. அதனால நாம செய்யற தப்பு எதுவும் நம்ம காதுல விழறதே இல்லை. சாதுங்கறது நாயோட குணம். நாம அதை நமக்குக் கிடைச்ச சலுகையா எடுத்துக்கிட்டோம்.

சரி, "பிறவியிலேயே சாது"ங்கற கதையைக் கொஞ்சம் பிரிச்சுப் பார்ப்போம். லேப்ரடாரோட பூர்வீகம் கனடாவுல இருக்கிற நியூஃபவுண்ட்லாந்து. மீன்பிடிக்கிறவங்களோட சில்லுனு இருக்கிற கடல்ல குதிச்சு வேலை பார்த்த நாய்களோட வாரிசு. அப்புறம் பிரிட்டிஷ் பிரபுக்கள் சுட்டுத் தள்ளின வாத்தைப் பல் படாமத் தூக்கிட்டு வர்றதுக்காக வளர்த்தெடுத்த இனம். 1903-ல இங்கிலாந்து கென்னல் கிளப் இதைத் தனி இனமா ஏத்துக்கிச்சு. அதாவது இது நாள் முழுக்க ஓடி, நீந்தி, எதையாவது வாயில கவ்விக்கிட்டே இருக்கப் பிறந்த வேலைக்காரன். அதைக் கொண்டு வந்து 800 சதுர அடி ஃப்ளாட்ல பூட்டிட்டு, ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டு, சாயங்காலம் வந்து "சோபாவைக் கிழிச்சிருச்சு, சாதுன்னு சொன்னாங்களே"ன்னா என்ன அர்த்தம்? ஒன்றரை, ரெண்டு வயசு வரைக்கும் அது மனசளவுல குட்டிதான். கண்டதைக் கடிக்கும், தாவும், 25 கிலோ உடம்போட உங்க அஞ்சு வயசுப் பொண்ணை அன்பாவே கீழே தள்ளும்.

இன்னொண்ணு. 2022-ல சயன்ஸ் இதழ்ல ஒரு பெரிய ஆராய்ச்சி வந்துச்சு. 18,000-க்கும் மேற்பட்ட நாய்களோட குணத்தைப் பத்தி வளர்க்கிறவங்ககிட்ட கேட்டு, ரெண்டாயிரத்துக்கும் மேல நாய்களோட மரபணுவையும் பார்த்தாங்க. நாய்க்கு நாய் குணத்துல இருக்கிற வித்தியாசத்துல இனத்தால விளக்க முடியறது சுமார் 9 சதவீதம்தான். மீதி எல்லாம் அந்தக் குறிப்பிட்ட நாயோட பிறவி, அது வளர்ந்த விதம், பட்ட அனுபவம். ஆக "லேப்னா சாது"ன்னு கண்ணை மூடிக்கிட்டு சொல்றது, "பேங்க் ஆபீஸர்னா நல்லா கணக்குப் போடுவான்"னு சொல்றதுக்கு சமம். நான் இன்னும் விரல் விட்டுத்தான் எண்றேன் :-)

காதுல சீழ் வெச்ச நாயோட காதைக் குழந்தை பிடிச்சு இழுத்தா லேப் கூட கடிக்கும். அப்போ "குணம் மாறிடுச்சு"ம்போம். குணம் மாறலைங்க, வலி தாங்கலை.

அடுத்தது சோறு. இதுல தமிழன் அளவுக்குக் குற்றவாளி யாரும் கிடையாது. நமக்குப் பாசம்னாலே "சாப்ட்டியா"தானே. இங்க வங்காளிகளும் சளைச்சவங்க இல்லை. டீக்கடை வாசல்ல நின்னா தெரு நாய்க்கு லேரோ பிஸ்கட் போடாம டீ குடிக்க மாட்டாங்க. ஆனா லேப்ரடார் விஷயத்துல "பாவம், பசிக்குது போல"ங்கற வார்த்தையை நம்பவே கூடாது. ஏன்னா அதுக்கு எப்பவுமே பசிக்கும்.

இது கிண்டல் இல்லை. 2016-ல கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துல கண்டுபிடிச்சாங்க. பிஓஎம்சின்னு ஒரு மரபணு. சாப்பிட்டதும் "போதும்"னு மூளைக்குச் சொல்ற வேலையில அதுக்குப் பங்கு உண்டு. ஏறக்குறைய நாலுல ஒரு லேப்ரடாருக்கு அதுல ஒரு துண்டு இல்லை. 2024-ல அதே குழு இன்னொண்ணு பண்ணாங்க. காலைச் சாப்பாடு முடிஞ்சு மூணு மணி நேரம் கழிச்சு, மூடின கண்ணாடிப் பெட்டி மாதிரி ஒண்ணுல சாசேஜை வெச்சுக் காட்டினாங்க. வாசனை வரும், எடுக்க முடியாது. அந்தக் குறை இருக்கிற நாய்ங்கதான் பெட்டியை விடாம முட்டிக்கிட்டே இருந்துச்சுங்க. அதுமட்டுமில்லை, சும்மா படுத்திருக்கும்போது அதுங்க உடம்பு செலவழிக்கிற சக்தியும் சுமார் 25 சதவீதம் கம்மி. வரவு ஜாஸ்தி, செலவு கம்மி. வங்கிக்கு நல்லது, இடுப்பு எலும்புக்கு ஆகாது.

இதுல என்னைத் தூங்க விடாத விஷயம் ஒண்ணு இருக்கு. 2016 ஆராய்ச்சியில, மாற்றுத்திறனாளிகளுக்கு உதவப் பழக்கின லேப்களைத் தனியா பார்த்தாங்க. அதுங்கள்ல முக்கால்வாசிக்கு இந்தக் குறை இருந்துச்சு. தின்பண்டத்துக்காக எதையும் கத்துக்கற நாய்தானே பயிற்சிக்குத் தேறும்? அந்த ஆராய்ச்சியாளர்களும் அப்படித்தான் ஊகிக்கிறாங்க. அப்படின்னா நாம "எவ்ளோ சொன்ன பேச்சு கேக்குது"ன்னு மெச்சிக்கிறதுல ஒரு பங்கு அதோட தீராத பசி. குணத்தையும் நோயையும் தனித்தனியா பிரிச்சு வாங்க முடியாதுங்க, ரெண்டும் ஒரே பொட்டலம்.

இதுக்கு மருந்து என்ன? தராசு. அவ்வளவுதான். புரினா கம்பெனிக்காரங்க 48 லேப் குட்டிகளை ஜோடி ஜோடியா பிரிச்சு, ஒண்ணுக்குப் போடறதை விட இன்னொண்ணுக்கு 25 சதவீதம் கம்மியா ஆயுசு பூரா போட்டுப் பார்த்தாங்க. 2002-ல முடிவு வந்துச்சு. கம்மியா தின்னதுங்க ஏறக்குறைய ரெண்டு வருஷம் கூட வாழ்ந்துச்சு, மூட்டு வலியும் தள்ளிப் போச்சு. ஒவ்வொரு மேரி பிஸ்கட்டும் அப்புவோட நாட்களைத்தான் தின்னுருக்கு. நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

போகட்டும், அளவு மட்டுமா? சாம்பார் சாதத்துல இருக்கிற வெங்காயம் நாய்க்கு ரத்தத்தைக் கெடுக்கும். பாயசத்துல மிதக்கிற திராட்சை சில நாய்களுக்கு சிறுநீரகத்தையே காலி பண்ணிடும். சாக்லேட் கூடவே கூடாது. "எங்க தாத்தா வீட்டு மணி எல்லாம் மிச்ச சோறு தின்னுதான் வளர்ந்துச்சு"ன்னு கிளம்பாதீங்க. அந்த மணி ஊர் பூரா சுத்திட்டு வந்துச்சு. உங்க லேப் ஹாலுக்கும் பால்கனிக்கும் நடுவுல சுத்துது.

அப்புறம் மூட்டு. இடுப்பு, முன்னங்கால் முட்டி ரெண்டுலயும் கோளாறு வர்றது இந்த இனத்துல சகஜம். அதுல ஒரு பங்கு பரம்பரை. வெளிநாட்டுல பொறுப்பானவங்க அப்பன் ஆத்தா ரெண்டுக்கும் இடுப்பு எக்ஸ்ரே எடுத்து மதிப்பெண் வாங்கின பிறகுதான் இனப்பெருக்கம் பண்றாங்க. இங்க? வீட்டுக்கடன் கேட்டு வந்தா முப்பது வருஷ வில்லங்கம் பார்க்கிறேன். கல்யாணம்னா ரெண்டு பக்கமும் மூணு தலைமுறை விசாரிக்கிறோம். பத்துப் பன்னிரண்டு வருஷம் கூட வாழப்போற ஒரு உயிருக்கு மட்டும் "கலர் நல்லா இருக்கா?"ங்கற ஒரே கேள்வி. இதுல "கேசிஐ பேப்பர் இருக்கு சார்"னு மிதப்பா சொல்லுவாங்க. சென்னையில தலைமையகம் இருக்கிற கென்னல் கிளப் ஆஃப் இந்தியா தர்ற சான்று வம்சாவளிக்கு. ஆரோக்கியத்துக்கு இல்லை. ஜாதகம் வேற, மெடிக்கல் ரிப்போர்ட் வேற.

2017-ல மத்திய அரசு நாய் இனப்பெருக்கம், விற்பனை பத்தி விதிகள் கொண்டு வந்துச்சு. இனப்பெருக்கம் பண்றவங்க மாநில விலங்கு நல வாரியத்துல பதிவு பண்ணியிருக்கணும், எட்டு வாரம் ஆகாத குட்டியை விக்கக் கூடாது. நம்மள்ல எத்தனை பேர் அந்தப் பதிவுச் சான்றைக் கேட்டிருக்கோம்? கேக்காதவன் இருக்கிற வரைக்கும் இல்லாதவன் வித்துக்கிட்டேதான் இருப்பான்.

ஊருக்கு வருவோம். நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெச்ச ரெண்டடுக்கு ரோமச் சட்டையைப் போட்டுக்கிட்டு மே மாசம் டயமண்ட் ஹார்பர் ரோட்டுல நடக்கறதை நினைச்சுப் பாருங்க. நாய்க்கு நம்மள மாதிரி உடம்பெல்லாம் வேர்க்காது. மூச்சு வாங்கித்தான் சூட்டை இறக்கணும். கல்கத்தா புழுக்கத்துல காத்துலேயே ஈரம் ரொம்பி இருக்கும்போது அந்த வித்தை சரியா பலிக்காது. குண்டு நாய்னா சுத்தம். இங்க வெயில் காலத்துல அஞ்சு மணிக்கே பளபளன்னு விடிஞ்சிடும். ஏழு மணிக்கு நடக்கக் கூட்டிட்டுப் போறேன்னா அதுக்கு வீட்டுலயே இருக்கலாம். மழைக்காலத்துல பெஹாலா சந்துகள்ல தண்ணி நிக்கறது உங்களுக்கே தெரியும். அந்தத் தண்ணியில எலி மூத்திரத்தால பரவற லெப்டோ காய்ச்சல், புல்லுல உண்ணிக் காய்ச்சல், தொங்கற காதுக்குள்ள ஈரம் தங்கி சீழ். குளிர் நாடான இங்கிலாந்துலேயே லேப்களுக்கு அதிகமா வர்ற தொல்லை காது அழற்சி, அடுத்தது உடல் பருமன், அப்புறம் மூட்டுத் தேய்மானம்னு 2018-ல ராயல் வெட்டர்னரி காலேஜ் ஆய்வு சொல்லுது. அங்க நடுத்தர ஆயுசு 12 வருஷம். நம்ம புழுக்கத்துல காதை வாரம் ஒரு தடவையாவது திறந்து பார்க்கணுமா வேண்டாமா?

இப்போ கடைசி விஷயம். இதை எழுதத்தான் இவ்வளவு சுத்தினேன்.

2024-ல எங்க அடுத்த தெருவுல நம்ம ஊர்க் குடும்பம் ஒண்ணு, மாற்றலாகி ஹைதராபாத் போச்சு. ஆறு வயசு லேப், பேரு ப்ரூனோ. "ஒரு மாசத்துல வந்து கூட்டிட்டுப் போறோம்"னு கட்டட தர்வான்கிட்ட விட்டுட்டுப் போனாங்க. கொஞ்சம் பணமும் கொடுத்தாங்க. மூணு மாசம் ஆச்சு. மாடிப்படிக்குக் கீழே, மீட்டர் பெட்டிகளுக்குப் பக்கத்துல ஒரு முழக் கயித்துல கட்டிக் கிடந்தான். தர்வான் கெட்டவர் இல்லை. தன் சோத்துல பாதியைப் போட்டார். நான் போய் நின்னப்போ அவர் சொன்னது இன்னும் காதுல இருக்கு. "இது நாய் இல்ல சாப், பசு மாடு. கட்டின இடத்துல கிடக்கும், ஒரு சத்தம் வராது."

சத்தம் வராததாலதான் அந்தக் கட்டடத்துல பதினாறு குடித்தனம் இருந்தும் யாரும் திரும்பிப் பார்க்கலை. வேற நாயா இருந்தா ராத்திரி முழுக்க ஊளையிட்டிருக்கும், செகரட்டரிக்குப் புகார் போயிருக்கும், ஏதாவது நடந்திருக்கும். பரம சாதுங்க! அதுக்குக் கிடைச்ச பரிசு மீட்டர் பெட்டி.

போன் பண்ணினேன். "புது வீட்டுக்காரர் நாய் கூடாதுங்கறார் சார், குழந்தைக்கு ஸ்கூல் அட்மிஷன் வேற..." எல்லாம் உண்மையாத்தான் இருக்கும். மாற்றல் வாழ்க்கை என்னன்னு எனக்குத் தெரியாதா? ஆனா நாய் வாங்கும்போதும் நீங்க மாற்றல் வேலையிலதானே இருந்தீங்க? ரயில்ல ஏசி முதல் வகுப்புல ரெண்டு பேர் இல்ல நாலு பேர் அறையை மொத்தமா பதிவு பண்ணினா நாயைக் கூடவே கூட்டிட்டுப் போகலாம். செலவு ஆகும். எல்.இ.டி. டிவியை மூணு சுத்து அட்டை போட்டுக் கட்டி லாரியில ஏத்தினோமே, அதுக்கு ஆகலையா?

சட்டம் என்ன சொல்லுதுன்னும் பார்த்தேன். 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி பிராணியைப் பட்டினியால தவிக்கிற மாதிரி கைவிடறது குற்றம். முதல் தடவைன்னா அபராதம் பத்து ரூபாயில இருந்து ஐம்பது ரூபாய் வரைக்கும். ஆமாங்க, ஐம்பது ரூபாய். சேமிப்புக் கணக்குல ஒரு செக் திரும்பினா இதை விட ஜாஸ்தி பிடிப்போம். அறுபது வருஷத்துக்கு மேல ஆகியும் அந்தத் தொகையை யாரும் தொடலை. ஆக சட்டம் வந்து காப்பாத்தும்னு எதிர்பார்க்காதீங்க. மனசாட்சி ஒண்ணுதான் பாக்கி.

ப்ரூனோ இப்போ எங்க வீட்டுல. வந்தப்போ காது ரெண்டும் சீழ், உடம்பெல்லாம் உண்ணி. இன்னிக்கு 31 கிலோ. சமையலறைத் தராசுலதான் அவனுக்கு சாப்பாடு. பழுப்பு மேரி பாக்கெட் வீட்டுக்குள்ளயே வர்றதில்லை. யாராவது பெட்டி கட்டினா மட்டும் கதவுகிட்ட போய்ப் படுத்துக்கறான். ஊருக்குப் போக நான் சூட்கேஸை இறக்கினாலே போதும். அப்பவும் கத்த மாட்டான். பார்த்துக்கிட்டே இருப்பான்.

உடனே "அப்போ ராஜபாளையம், சிப்பிப்பாறை வளர்க்கச் சொல்றீங்களா?"ன்னு கேக்க ஒருத்தர் வருவார். வளருங்க, ஆனா அதுவும் வேட்டை நாய், ஓட இடம் வேணும். ராஜபாளையத்துல பிறவிச் செவிடு உண்டு, பார்த்து வாங்கணும். இனத்தை மாத்தினா பிரச்சினை தீராது. 2003-ல ஹட்ச் விளம்பரத்தைப் பார்த்துட்டு வீட்டுக்கு வீடு பக் வாங்கினோம், அதுங்க மூச்சு விட முடியாம திணறினதையும் பார்த்தோம். அப்புறம் சினிமா பார்த்துட்டு ஹஸ்கி. எல்லாரும் வெச்சிருக்காங்கங்கறது ஒரு காரணமா? அமெரிக்காவுல 1991-ல இருந்து 2021 வரைக்கும் லேப்தான் முதல் இடம். அந்தப் புகழ் அதோட இடுப்பைச் சரி பண்ணிடலையே.

லேப்ரடார் அருமையான ஜீவன். அதை எதிர்த்து நான் ஒரு வார்த்தை எழுதலை. எதிர்க்கிறது நம்மளைத்தான். தினம் காலையும் மாலையும் நடக்க நேரம், அப்பன் ஆத்தாவோட எக்ஸ்ரே கேக்கற தைரியம், "போதும்"னு தட்டை எடுக்கற கல் மனசு, அடுத்த மாற்றல்லயும் கூட்டிட்டுப் போற உறுதி. இந்த நாலும் இருந்தா தாராளமா வாங்குங்க. ஒண்ணு குறைஞ்சாலும் பையனுக்கு சைக்கிள் வாங்கிக் கொடுங்க. ஊர் மாறும்போது வித்துட்டுப் போகலாம், சைக்கிள் கதவைப் பார்த்துக்கிட்டு உட்காராது.

அந்த சேலத்துத் தம்பிக்கு நேத்து நானே போன் பண்ணினேன். மன்னிப்பும் கேட்டேன். "மூணு மாசம் பையனை தினம் காலையில அஞ்சு மணிக்கு அனுப்புங்க. ப்ரூனோவை நடத்திட்டுப் போகட்டும், காது துடைக்கட்டும், சாப்பாடு எடை போடட்டும். அப்புறமும் வேணும்னா நானே கூட வந்து நல்ல குட்டியா பார்க்கிறேன்"னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அஞ்சு மணிக்கா சார்?"னார்.

திங்கட்கிழமை வர்றாங்களான்னு பார்ப்போம்.

டிஸ்கி: உங்க வீட்டு லேப் பன்னிரண்டு வயசுலயும் மாடி ஏறுதுன்னா சந்தோஷம், என்ன எடையில வெச்சிருக்கீங்கன்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. "எங்க நாய் தயிர் சாதம் தின்னே நல்லாத்தான் இருக்கு"ன்னு சண்டைக்கு வர்றவங்க, அதோட வயசையும் சேர்த்து எழுதுங்க.